மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதவருக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வருவது எப்படி?

செம்பருத்தி:

களப்பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். அதில் மருந்து எதிர்ப்புக் காசநோய் பற்றிய அத்தியாயம், "நோயாளிகள் மாத்திரைகளைப் பாதியில் நிறுத்திவிடுவதால் இந்நோய் உண்டாகிறது" என்று தொடங்குகிறது. பல ஆண்டுகளாகக் காதில் விழுந்துவரும் வாக்கியம் என்பதால் நானும் யோசிக்காமல் மொழிபெயர்த்துவிட்டேன். பிறகு அதே அத்தியாயத்தின் நான்காம் பக்கத்தில், உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு என்று ஓர் அட்டவணை வந்தது. புதிதாகக் காசநோய் கண்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கும், முன்பே சிகிச்சை பெற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கும் காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமி இருந்ததாக அது சொல்கிறது.

எனக்கு இங்கேதான் குழப்பம். வாழ்நாளில் ஒரு காசநோய் மாத்திரையைக்கூட விழுங்கியிராத ஒருவர் எதைப் பாதியில் நிறுத்தியிருக்க முடியும்? இந்த 3.2 சதவீதம் என்பது ஒதுக்கிவிடக்கூடிய சிறு விதிவிலக்கா, அல்லது முதல் வாக்கியமே தவறா? மேலும், மரபணு மாற்றத்தால் மருந்தை எதிர்க்கும் கிருமி அந்த மாற்றத்தாலேயே வலுக்குன்றிப்போகும், ஆகவே அது அதிகம் பரவாது என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். வலுக்குன்றிய கிருமியால் வளரும் நாடுகளில் இவ்வளவு பேர் எப்படிப் பாதிக்கப்படுகிறார்கள்? துறை அறிந்தவர்கள் விளக்கினால் திருத்தி எழுதுவேன்.

நுண்ணோக்கி:

காசநோய் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் கிருமியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் அந்த 3.2 சதவீதத்தைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு 1,000 நோயாளிகளில் 900 பேர் புதியவர்கள், 100 பேர் முன்பே சிகிச்சை பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 பேரில் 3.2 சதவீதம் என்றால் ஏறத்தாழ 29 பேர். 100 பேரில் 16 சதவீதம் என்றால் 16 பேர். சதவீதத்தில் சிறியதாகத் தெரிகிற கூட்டம் தலைகளை எண்ணும்போது பெரியதாகிவிடுகிறது. ஆகவே அது விதிவிலக்கன்று. இன்றைய பெருவழி அதுவே.

மருந்து எதிர்ப்பை மருந்து உருவாக்குவதில்லை என்பதை அடுத்ததாகச் சொல்ல வேண்டும். காசநோய்க் கிருமி பெருகும்போது தற்செயலாக நேரும் பிழைகளால், இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியசிடை எதிர்ப்பது சுமார் 10 லட்சத்தில் ஒன்றாகவும், ரிஃபாம்பிசினை எதிர்ப்பது சுமார் 10 கோடியில் ஒன்றாகவும் ஏற்கெனவே இருக்கும். நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம் 10 கோடிக்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கலாம். அவருக்கு ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் மற்றவை மடிய, எதிர்க்கும் சில மட்டும் எஞ்சிப் பெருகும். 1940களின் பிற்பகுதியில் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்துச் செய்த ஆய்விலேயே இது வெளிப்பட்டுவிட்டது: முதல் மாதங்களில் தேறிய நோயாளிகள் பலர், கிருமி அம்மருந்துக்குப் பழகியதும் மீண்டும் நலிந்தனர். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி ஒரு கோடிக் கோடியில் ஒன்றுதான் தோன்றும் என்பதால், கூட்டு மருந்து பாதுகாப்பளிக்கிறது.

இதிலிருந்து ஒரு நுட்பமான விஷயம் தெளிவாகும். ஒருவர் எல்லா மாத்திரைகளையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால், நோய் திரும்பும்போது பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியோடுதான் திரும்பும். அது வேறு வகையில் ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எதிர்ப்பு உருவாவதற்குத் தேவையான சூழல், நான்கு மருந்துகள் உட்கொண்டும் உண்மையில் ஒன்று மட்டுமே கிருமியின்மீது வேலை செய்யும் சூழல். இருப்பில் ஒரு மருந்து தீர்ந்துபோவது, தரமற்ற மாத்திரை, மருந்தைச் சரியாக உறிஞ்சாத குடல், ஐசோனியசிடுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருப்பதைச் சோதிக்காமல் வழக்கமான சிகிச்சையைத் தொடங்குவது ஆகிய எல்லாமே அந்தச் சூழலை உண்டாக்கும். இவற்றில் எதுவும் நோயாளியின் கையில் இல்லை.

எதிர்ப்பு ஒருமுறை உருவாகிவிட்டால் பிறகு அது இருமலில் பயணிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டால் மாகாணத்தில், இரண்டாம் நிலை மருந்துகளுக்கும் கட்டுப்படாத எக்ஸ்டிஆர் வகைக் காசநோய் கண்ட 404 பேரை ஆராய்ந்தபோது, 69 சதவீதத்தினர் அதற்கு முன் பன்மருந்து எதிர்ப்புக்கான (ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் கட்டுப்படாத நிலைக்கான) சிகிச்சையே பெற்றிராதவர்கள் எனத் தெரிந்தது. அதாவது அவர்கள் அக்கிருமியை அப்படியே பிறரிடமிருந்து பெற்றனர். அதே மாகாணத்தின் டுகேலா ஃபெரி என்ற ஊரிலிருந்து 2006இல் வந்து உலகை உலுக்கிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம்: எக்ஸ்டிஆர் காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தனர், சளி மாதிரி எடுத்த நாளிலிருந்து அவர்கள் உயிரோடிருந்த காலத்தின் இடைநிலை அளவு 16 நாட்களே. எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்ட அனைவருக்கும் அத்தொற்று இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் முன்பு காசநோய் சிகிச்சை பெறாதவர்கள். பலர் அண்மையில் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள்.

வலுக்குன்றல் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்வதானால், அது பாதி உண்மை. ஆர்பிஓபி என்னும் மரபணுவில் நேரும் மாற்றம் ரிஃபாம்பிசினை எதிர்க்க உதவினாலும் கிருமியின் பெருக்கத்தைச் சற்றே தளர்த்தும். ஆனால் ஆர்பிஓசி போன்ற வேறு மரபணுக்களில் பின்னர் நேரும் ஈடுசெய் மாற்றங்கள் அந்தத் தளர்ச்சியைச் சரிக்கட்டிவிடுகின்றன. பெலாரசின் தலைநகரான மின்ஸ்கில், புதிய நோயாளிகளிலேயே மூவரில் ஒருவருக்குமேல் பன்மருந்து எதிர்ப்பு இருந்ததாக 2012இல் வெளியான ஆய்வு கூறியது. தளர்ந்த கிருமிக்கு இது சாத்தியமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய ஸ்டெதஸ்கோப்:

நுண்ணோக்கி எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். எனினும் கிருமியை மட்டும் சொல்லி, மருந்துச்சீட்டு எழுதிய எங்களை அவர் சற்று எளிதாக விட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. ஓய்வு பெற்ற மருத்துவன் என்பதால் அந்த இடத்தை நானே நிரப்புகிறேன்.

மும்பையின் தாராவிப் பகுதியில் தனியார் மருத்துவர்கள் 106 பேரிடம் காசநோய்க்கு மருந்துச்சீட்டு எழுதித் தரச் சொல்லி, அதன் முடிவை 2010இல் வெளியிட்டார்கள். 106 பேர் 63 விதமான மருந்துக் கூட்டுகளை எழுதியிருந்தனர். சரியான கூட்டை எழுதியவர்கள் 6 பேர்தான். அந்தச் சீட்டில் எழுதிய மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கிய நோயாளிக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

தனியார் மருத்துவர்களை மட்டும் குறைகூறி நிறுத்துவதும் நேர்மையாகாது. முதல் சிகிச்சை பலிக்காத நோயாளிக்கு, 'இரண்டாம் பிரிவு' என்ற பெயரில், அதே பழைய மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை மட்டும் கூடுதலாகச் சேர்த்து எட்டு மாதம் கொடுக்க வேண்டும் என்பது பல நாடுகளின் அரசுத் திட்டங்களில் அதிகாரபூர்வ விதியாக இருந்தது. தோற்றுப்போன கூட்டில் ஒற்றை மருந்தைச் சேர்ப்பதென்றால், அந்த ஒற்றை மருந்தையும் கிருமிக்குப் பழக்கிக் கொடுப்பதென்றே பொருள் என்பது எந்த மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது, இருந்தும் கையேட்டில் இருந்ததால் எழுதினேன், ஒருவருக்கன்று, பலருக்கு. அந்த முறையை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது 2017இல்தான்.

பெருவின் தலைநகர் லிமாவின் வடக்குப் புறத்தில் உள்ள கரபாய்யோ என்னும் ஏழைக் குடியிருப்பில் 1990களின் நடுவில் நடந்ததும் இதுவே. அங்கே செயல்பட்ட காசநோய்த் திட்டம் உலகுக்கே முன்மாதிரி என்று பாராட்டப்பட்டது. பணியாளர் பார்த்திருக்க, நோயாளிகள் ஒவ்வொரு வேளையும் மாத்திரையை விழுங்கினார்கள். அப்படியும் சிலர் தேறவில்லை. அவர்களுக்கு மறுபடி மறுபடி அதே மருந்துகள் கொடுக்கப்பட்டதில், கிருமி மேலும் சில மருந்துகளுக்கு எதிர்ப்பைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க மருத்துவர்களான பால் ஃபார்மரும் ஜிம் யோங் கிம்மும் அவர்களுடைய தோழர்களும் இதைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொருவரின் கிருமிக்கும் எந்த மருந்து எடுபடுகிறது என்று பார்த்து, அக்கம்பக்கத்தவரையே பயிற்றுவித்து, வீட்டிலேயே சிகிச்சை தந்தபோது பெரும்பாலோர் குணமடைந்தனர். ஏழை நாடுகளில் இந்நோய்க்குச் சிகிச்சை அளிப்பது செலவுக்குக் கட்டுப்படியாகாது என்ற வாதம் அன்று நிபுணர்களிடையே உரக்க ஒலித்த காலம். சிகிச்சை தராமல் விட்ட ஒவ்வொருவரும் வீட்டிலும் பேருந்திலும் இருமிக்கொண்டிருந்தார் என்பதை அந்தச் செலவுக் கணக்கில் எவரும் சேர்க்கவில்லை.

ஆனாலும் செம்பருத்தி, தொடர்ந்து மருந்து உட்கொள்வதன் முக்கியத்துவத்தைக் கையேட்டிலிருந்து அறவே நீக்கிவிடாதீர்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, எடை கூடி, நன்றாக இருக்கும் ஒருவர் மேலும் நான்கு மாதம் ஏன் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று களப்பணியாளர்தான் விளக்க வேண்டும். அதைக் காரணப்பட்டியலின் தலையில் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இரண்டாம் மூச்சு:

நான் மருத்துவம் படித்தவளல்ல. பன்மருந்து எதிர்ப்புக் காசநோயிலிருந்து மீண்டவள். எனக்கு முன்பு காசநோய் வந்ததில்லை. நுண்ணோக்கி சொன்ன அந்த 29 பேரில் நான் ஒருத்தி.

முதல் நான்கு மாதம் எனக்கு வழக்கமான மாத்திரைகளைத்தான் கொடுத்தார்கள். எடை குறைந்துகொண்டே போனபோது, "ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். காலி அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கிருமியை வளர்த்துச் சோதித்த முடிவு வந்தபோதுதான், அந்த மாத்திரைகளில் முக்கியமான இரண்டும் முதல் நாளிலிருந்தே எனக்குப் பயன்பட்டிருக்கவில்லை என்று தெரிந்தது. அந்த நான்கு மாதமும் நான் என் அக்காவின் குழந்தைகளோடு ஒரே அறையில் உறங்கினேன்.

பிறகு இருபது மாதச் சிகிச்சை. அதில் பல மாதங்கள் நாள்தோறும் கானமைசின் ஊசி. ஊசி முடிவதற்குள் இடது காதில் ரீங்காரம் தொடங்கிவிட்டது, இன்றும் நிற்கவில்லை. ஒருமுறை மையத்தில் ஒரு மருந்து இருப்பில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்; ஐந்து நாள் கழித்து வந்தது. என் அட்டையில் அந்த ஐந்து நாட்களும் நான் வராத நாட்கள் என்று குறிக்கப்பட்டன. ஆங்கிலத்தில் எங்களைக் குறிக்கப் பயன்பட்ட சொல் 'டிஃபால்டர்', அதாவது கடன் தவணையைக் கட்டாதவனுக்குச் சொல்லும் சொல். 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் அச்சொல்லைத் தன் வரையறைகளிலிருந்து எடுத்துவிட்டு, 'தொடர்பு விடுபட்டவர்' என்ற பொருள்படும் சொல்லை வைத்தது. பேச்சிலிருந்து அது இன்னும் போகவில்லை. உங்கள் தமிழாக்கத்தில் 'தவறியவர்' என்றோ 'ஒத்துழைக்காதவர்' என்றோ எங்காவது இருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

நிறுத்துகிறவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மருந்து எதிர்ப்புக் காசநோய் கண்ட குடும்பங்களில் ஏறத்தாழ 82 சதவீதம், ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்நோயால் இழக்கின்றன என்பது பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளின் முடிவு. மருந்து இலவசமாகக் கிடைக்கும் நாடுகளையும் சேர்த்துத்தான் இது. கூலி இழப்பும் போக்குவரத்தும் சத்தான உணவும் இலவசமில்லையே.

செம்பருத்தி:

மூவருக்கும் நன்றி. இரண்டாம் மூச்சின் காலி அட்டைகளைப் பற்றிப் படித்ததும் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டேன். இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "மருந்தை எதிர்க்கும் கிருமி, உரிய சோதனையும் சரியான மருந்துக் கூட்டும் தடையில்லாத மருந்து வழங்கலும் இல்லாத இடத்தில் உருவாகிறது, உருவான பின், கண்டறியப்படாத நோயாளியிடமிருந்து காற்றின் வழியே மற்றவர்களுக்குப் பரவுகிறது."

இன்னும் ஓர் ஐயம். கையேட்டின் இறுதிப் பகுதியில், எதிர்ப்பை இரண்டு மணி நேரத்தில் கண்டறியும் கருவி, ஊசியே இல்லாத ஆறு மாதச் சிகிச்சை என்றெல்லாம் நம்பிக்கையூட்டும்படி எழுதியிருக்கிறார்கள். அதே வேளையில், 2023இல் இந்நோய் கண்ட ஏறத்தாழ 4 லட்சம் பேரில் சுமார் 44 சதவீதத்தினர்தான் சிகிச்சையே தொடங்கினர் என்றும் இருக்கிறது. கருவியும் மருந்தும் இருக்கையில் பாதிக்கும் மேற்பட்டோர் எங்கே விடுபட்டார்கள்?

நுண்ணோக்கி:

பெரும்பாலோர் சோதனைக்கு முன்பே விடுபடுகிறார்கள். நீங்கள் குறிப்பிடும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியை உலகச் சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரிலேயே பரிந்துரைத்துவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2023இல், புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவர்களில் 48 சதவீதத்தினருக்குத்தான் முதல் சோதனையாக இத்தகைய விரைவுச் சோதனை கிடைத்தது. மற்றவர்களுக்கு 1882இல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டதைப்போல, கண்ணாடித் தகட்டில் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதோ, எக்ஸ்ரேயோ, அனுபவமோதான். சாயம் ஏற்றிய தகட்டில் கிருமி இருப்பது தெரியும். அது எந்த மருந்துக்குப் பணியும் என்பது தெரியாது. (என் புனைபெயருக்கு இது பெருமை சேர்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

கருவி இருக்கும் இடத்திலும் அதை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. அதன் அடிப்படைச் சோதனை ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டும், அதுவும் ஆர்பிஓபி மரபணுவின் ஒரு சிறு பகுதியில் மட்டும் தேடுகிறது. ஆப்பிரிக்க நாடான எஸ்வாட்டினியில் 2009இல் திரட்டிய பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் ஏறத்தாழ 30 சதவீதம், அந்தப் பகுதிக்கு வெளியே ஒரு மாற்றத்தைக் கொண்டிருந்தன. கருவி அவற்றைச் சாதாரணக் காசநோய் என்றே காட்டும். நோயாளிக்குப் பலிக்காத மருந்து தரப்படும். அவர் மூலம் அதே கிருமி பரவும். சோதனையின் கண்ணுக்குத் தப்பும் கிருமிக்கே அந்தச் சோதனை வழிவிட்டுக் கொடுப்பது இத்துறையின் விசித்திரமான இக்கட்டுகளில் ஒன்று.

புதிய மருந்தான பெடாகுவிலினிலும் இக்கதை மீண்டும் தொடங்குகிறது. அதற்கு எதிர்ப்பு ஏற்கெனவே பதிவாகியுள்ளது; குளோஃபாசிமின் என்ற மருந்துக்கும் அதற்கும் பொதுவான எதிர்ப்பும் உண்டு. ஆனால் பெடாகுவிலின் எதிர்ப்பைச் சோதிக்கக் கிருமியை வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும், அல்லது மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். மருந்து சென்று சேர்ந்த ஊர்கள் பலவற்றில் அந்தச் சோதனை இன்னும் சென்று சேரவில்லை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினோடு செய்த பிழையின் சாயலை இதில் காண்கிறேன்.

பழைய ஸ்டெதஸ்கோப்:

மருந்தின் பக்கத்தைச் சொல்கிறேன். பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மோக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை 2022இல் பரிந்துரைத்தார்கள். பெலாரஸ், உஸ்பெகிஸ்தான், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வில் இது 89 சதவீதத்தினருக்கும், பழைய நீண்ட சிகிச்சை 52 சதவீதத்தினருக்கும் பலித்தது. என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்த வேறெந்த மாற்றமும் இதற்கு ஈடாகாது.

இதன் நடுநாயகமான பெடாகுவிலினுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2012இல். ஏழை நாடுகளுக்கு மருந்து வாங்கித் தரும் உலகளாவிய அமைப்பின் வழியே ஆறு மாதத்துக்கான விலை 2020இல் 340 டாலர். 2023 ஆகஸ்டில் 130 டாலர். இடையில் நடந்தது காப்புரிமைப் போராட்டம். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் முதற்காப்புரிமை 2023இல் முடிந்த பிறகும் மருந்தின் உப்பு வடிவத்துக்கென மேலும் நான்கு ஆண்டுகள் உரிமை கோரியது. மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே என்ற இரு பெண்கள் அதை எதிர்த்து மனுச் செய்தனர். இருவரும் காசநோய்க்கான ஊசியால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது. இரண்டாம் மூச்சு தன் காதைப் பற்றி எழுதியதைப் படித்தபோது இவ்விருவரும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

கையேடு களப்பணியாளர்களுக்கென்பதால் இன்னொன்று. காத்திருப்போர் கூடத்தின் சன்னல்களைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள். லிமாவின் மருத்துவமனைகளில் அளந்து பார்த்தபோது, கதவுசன்னல்களைத் திறந்துவைத்த அறைகளில் காற்று மணிக்கு 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டத்தில் 12 முறை. 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் அகன்ற சன்னலும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றைவிட மேலாக இருந்தன. டுகேலா ஃபெரியில் நடந்ததை எண்ணும்போது, குளிரூட்டி போட்டு அடைத்த புதுக் கூடங்களைக் கண்டாலே எனக்கு அச்சமாக இருக்கிறது.

இரண்டாம் மூச்சு:

ஒரு கேள்வியை நானும் கேட்டுக்கொள்கிறேன். என்னோடு உறங்கிய குழந்தைகளுக்கு அன்று தடுப்பாக எதுவும் தரவில்லை. இரண்டு ஆண்டுகள் கவனித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் நலமாகவே இருக்கிறார்கள். இன்று அப்படியொரு வீட்டில் என்ன செய்வார்கள்?

நுண்ணோக்கி:

அன்று அவர்கள் சொன்னதற்குக் காரணம், சாதாரணக் காசநோய்க்குத் தடுப்பாகத் தரும் ஐசோனியசிடும் ரிஃபாம்பிசின் வகை மருந்துகளும் இந்தக் கிருமிக்குப் பயன்படாது என்பதே. இன்று ஒரு வழி உண்டு. வியட்நாமிலும் தென்னாப்பிரிக்காவிலும், நோயாளியின் வீட்டில் உள்ளவர்களுக்கு ஆறு மாதம் நாள்தோறும் லெவோஃப்ளாக்சசின் கொடுத்து இரண்டு ஆய்வுகள் நடந்தன. தென்னாப்பிரிக்க ஆய்வு பெரும்பாலும் சிறு குழந்தைகளைப் பற்றியது. தனித்தனியே பார்த்தால் இரண்டின் முடிவும் புள்ளியியல்படி உறுதியாக இல்லை; சேர்த்துப் பார்த்தபோது நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்திருந்தது. அதன் அடிப்படையில் 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. தொடங்குமுன் அவர்களுக்கு ஏற்கெனவே நோய் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் நோயுள்ளவருக்கு ஒற்றை மருந்து கொடுத்ததாக ஆகிவிடும்.

செம்பருத்தி, இந்தப் பகுதி உங்கள் கையேட்டில் இல்லாமல் இருக்கலாம். பதிப்பாளரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.